மெள்ளத் தொட்டால் ஜலம். ஓங்கி அடித்தால் கல்!

போன மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, என் மனைவி. பிரதிவாதி, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பெண். குற்றம்: பலகாரத்துக்காக வாங்கி வைத்திருந்த கார்ன்ஃப்ளோர் மாவு முழுவதையும் ஒரு பேஸினில் கொட்டி, ஜலம் விட்டுக் கலந்து பாழாக்கியது. தீர்ப்புச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

"அப்பா! தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் சாட்சியை விசாரிக்க வேண்டாமா? இதற்குள் விரலை மெள்ள விட்டுப் பாருங்கள்" என்றாள் பிரதிவாதி.

விட்டேன். அந்த வெண்ணிறக் குழம்பு விரலுக்கு வழிவிட்டு, அடிவரையில் உள்ளே வாங்கிக்கொண்டது.

"இப்போது கையை மடக்கி ஓங்கிக் குத்துங்கள்."

சட்டையெல்லாம் தெறிக்கப் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் குத்தினேன். ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. மரப்பலகையில் மோதியதுபோல் கை அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால், பேஸினில் இருப்பது பழையபடி திரவந்தான்! ஒரு பிடி அள்ளி உருட்டினேன். உருட்டுகிறவரையில் கொழுக்கட்டை மாவுபோல் உருண்டையாக இருந்தது. உருட்டுவதை நிறுத்தியதும் விரலிடுக்கு வழியாக ஒழுகி ஓடிவிட்டது.

வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆனால் பிரதிவாதி என்னை விடவில்லை. "ஏன் அப்பா இப்படி ஆகிறது?" என்று கேட்டாள்.

விடை தேடப் புகுந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. உலகத்தின் பெரிய ஆராய்ச்சிசாலைகள் பலவும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு பல வருஷ காலம் வழக்காடியிருக்கின்றன. அந்த வழக்கு வெறும் வேடிக்கைக்காக நடந்ததும் அல்ல. மனிதர்களின் மார்பைக் காக்கும் கவசம் ஒன்று அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நியூட்டன் வகுத்த விதி

ஒரு சீட்டுக்கட்டை மேஜைமீது வைத்து, மேல் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்லும். திரவம் ஓடுவதும் ஏறக்குறைய இவ்விதமே. அதைப் படலம் படலமாக அடுக்கி வைத்ததாகப் பாவித்துக்கொள்ளலாம். படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும்போது காட்டும் எதிர்ப்பைத்தான் பாகுத்தன்மை என்று சொல்கிறார்கள். ஜலத்துக்கு அது குறைவு. விளக்கெண்ணெய்க்கு அதிகம். தேனுக்கு அதைவிட அதிகம். படலங்களைச் சறுக்கவைக்கும் விசை, ஒரு குறிப்பிட்ட பரப்பின்மேல் எவ்வளவு விழுகிறதோ அதை இக்கட்டுரையில் 'சறுக்கு விசை' என்று குறிப்பிடுவோம்.

ஐஸக் நியூட்டன் 1687-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தமது பெருநூலில் இதற்கு ஒரு விதியை வகுத்தார். இரண்டு மடங்கு வேகத்தில் சறுக்கவைக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு விசை தேவை. மூன்று மடங்கு வேகத்துக்கு மூன்று மடங்கு விசை. அதாவது, திரவத்தை நீங்கள் மெள்ளக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் அதன் பாகுத்தன்மை மாறுவதில்லை. ஜலமும் எண்ணெயும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன.

ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதை மீறுகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? திரவங்களில் மீறுகிறவை இரண்டு வகை. கெட்டித் தயிரை மத்தால் கடைந்தால் அது இளகிவிடுகிறது. சுவருக்குப் பூசும் வர்ணமும் பிரஷ்ஷின் அடியில் இளகிப் பரவி, பிரஷ்ஷை எடுத்ததும் ஒழுகாமல் நிற்கிறது. இவை விசைக்கு இளகும் வகை. இரண்டாவது வகை இதற்கு நேர் விரோதம். விசை அதிகமாக ஆக, அவை மேலும் மேலும் கெட்டியாகின்றன. என் பெண்ணின் பேஸினில் இருந்தது இந்த இரண்டாவது வகை. 'இறுகு திரவம்' என்று அதற்கு நாம் பெயர் வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஜலத்தில் கரைவதுபோல் கார்ன்ஃப்ளோர் பச்சைத் தண்ணீரில் கரைவதில்லை. மாவின் மணிகள் மணிகளாகவே ஜலத்தில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இது, கணக்கற்ற திடமான மணிகளும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொஞ்சம் ஜலமும் சேர்ந்த கூட்டம். இறுகு திரவங்கள் எல்லாவற்றின் ரகசியமும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

கடற்கரை மணல் சொன்ன செய்தி

இந்தக் கூட்டத்தின் குணத்தை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் இருந்த புரொபஸர் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ். கடற்கரையில் அலை வந்து திரும்பிய ஈர மணலில் நடந்தவர்கள் எல்லாரும் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றிலும் மணல் சட்டென்று உலர்ந்து வெளுத்துவிடுகிறது. காலை எடுத்தபின் அந்த இடத்தில் ஜலம் தேங்குகிறது. மிதித்தால் ஜலம் மேலே பொங்கி வரவேண்டியிருக்க, ஏன் உள்ளே போகிறது?

1885-இல் ரெய்னால்ட்ஸ் இதற்கு விளக்கம் கூறினார். மணல் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, இண்டு இடுக்கில்லாமல் படிந்திருக்கின்றன. அவை இடம் பெயர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் பெயர வேண்டும். ஏறும்போது இடைவெளிகள் அகலுகின்றன. அகன்ற இடைவெளிகளுக்குள் மேலேயிருந்த ஜலம் இறங்கிவிடுகிறது. நெருக்கமான கூட்டம் அசைய வேண்டுமானால் அதற்கு அதிக இடம் வேண்டும் என்பதே இதன் சாரம். அந்த இடம் கிடைக்காவிட்டால் கூட்டம் அசையாது, இறுகி நிற்கும்.

தொழிற்சாலைகளுக்கு இந்த விஷயம் வெகுகாலம் ஒரு தொல்லையாகவே இருந்தது. வர்ணக் குழம்பு, காகிதத்தின்மேல் பூசும் வெள்ளைக் குழம்பு, பிளாஸ்டிக் பூச்சு முதலியவை எல்லாம் இவ்வகைக் கூட்டங்கள்தாம். உற்பத்தியைப் பெருக்கும் ஆசையில் யந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால், அதுவரை சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த குழம்பு திடீரென்று இறுகிவிடும். குழாய்கள் அடைத்துக்கொள்ளும்; கலக்கும் யந்திரத்தின் மோட்டார் பழுதாகும். இவ்விதமாகத் தொல்லை கொடுத்ததைத்தான் பிற்பாடு உபயோகமாக மாற்றினார்கள். அதற்கு மாவை விட்டுவிட்டு வேறு துகள்களைத் தேட வேண்டியிருந்தது.

மாவின் குறைகள்

மாவில் என்ன குறை என்பது எங்கள் வீட்டுப் பேஸினிலேயே மறுநாள் தெரிந்துவிட்டது. காலையில் பார்த்தபோது மாவு முழுவதும் அடியில் பாறைபோல் படிந்து, ஜலம் மேலே தனியாக நின்றது. மூன்றாம் நாள் புளித்த வாடை வீசிற்று. அப்படியே விட்டிருந்தால் ஜலமும் வற்றிப்போயிருக்கும். ஆக, அடியில் படிவது, கெட்டுப்போவது, உலர்ந்துபோவது என்று மூன்று குறைகள். இவற்றை வைத்துக்கொண்டு நிலைத்து நிற்கக்கூடிய எந்தச் சாதனத்தையும் செய்ய முடியாது.

இங்கேதான் நானோ துகள்கள் வருகின்றன. நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நமது தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். கார்ன்ஃப்ளோர் மணி ஒன்று சுமார் 15,000 நானோ மீட்டர். விஞ்ஞானிகள் கையாளும் சிலிகாத் துகள்களோ சில நூறு நானோ மீட்டரிலிருந்து பத்து, இருபது நானோ மீட்டர் வரையில் சிறியவை. கண்டிப்பாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் நூறுக்கு உட்பட்டவற்றைத்தான் நானோ துகள் என்பார்கள். ஆனால் இந்தத் துறையில் அதைவிடச் சற்றுப் பெரியவற்றுக்கும் தாராளமாக அந்தப் பெயரை வழங்கிவிடுகிறார்கள்.

சிலிகா என்பது வேறொன்றுமில்லை. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதுதான். அதை நுண்ணிய உருண்டைகளாகச் செய்யும் ரசாயன முறை ஒன்றை ஸ்டோபர் முதலிய மூவர் 1968-இல் வெளியிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்தாற்போல் எல்லா உருண்டைகளும் ஒரே அளவாக அமைவது அந்த முறையின் விசேஷம். மற்றொரு வகைச் சிலிகாவைத் தீச்சுடரில் பிறப்பிக்கிறார்கள். அதன் துகள்கள் இன்னும் சிறியவை. ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டு, கிளைவிட்ட சங்கிலிகளாக நிற்பவை. சங்கிலிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், இவ்வகைச் சிலிகா கொஞ்சமே சேர்த்தாலும் திரவம் இறுகும் குணத்தைப் பெறுகிறது. உருண்டைத் துகள்களானால் திரவத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவுக்கு அவை நிறைந்திருக்க வேண்டும்.

ஜலத்துக்குப் பதிலாக எளிதில் ஆவியாகாத எதிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைச் சேர்க்கிறார்கள். ஆகையால் உலர்வதும் இல்லை, கெட்டுப்போவதும் இல்லை. துகள் மிகச் சிறியதாகையால் திரவத்தின் அணுக்கூட்டங்கள் இடைவிடாமல் அதை நாலு பக்கமும் இடித்து அலைக்கழித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓயாத ஆட்டத்தை 1827-இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவர சாஸ்திரி பூக்களின் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்களில் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டீன் அதன் காரணத்தை விளக்கினார். அந்த ஆட்டமே துகள்களை அடியில் படிந்துவிடாமல் தாங்குகிறது.

விசை ஏற ஏற நடப்பது என்ன?

இப்போது இந்தத் திரவத்தைச் சிறிது சிறிதாக அதிகப்படியான சறுக்கு விசைக்கு உட்படுத்திப் பார்ப்போம்.

முதலில் நடப்பது ஆச்சரியமானது. இறுகு திரவம் தொடக்கத்தில் இறுகுவதில்லை, இளகுகிறது! அசையாதிருக்கும்போது துகள்கள் தாறுமாறாக ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கின்றன. விசை விழுந்து திரவம் ஓடத் தொடங்கியதும், ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒழுங்குபட்டுச் செல்கின்றன. எதிர்ப்புக் குறைகிறது.

விசையை மேலும் கூட்டினால் ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் பாகுத்தன்மை ஏறுகிறது. துகள்கள் நெருக்கமாக இருந்தால், படிப்படியாக ஏறாமல் ஒரே பாய்ச்சலாகப் பல மடங்கு ஏறிவிடுகிறது. விசை நீங்கியவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

வேகந்தான் இதற்குக் காரணம் என்று தோன்றும். உண்மையில் எல்லையை நிர்ணயிப்பது வேகமன்று, விசையே. துகள்களைச் சூழ்ந்த திரவத்தை மாற்றி, அதிகப் பாகுத்தன்மையுள்ள வேறொன்றைச் சேர்த்தால், முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே இறுகத் தொடங்கும். ஆனால் இறுகத் தொடங்கும் சறுக்கு விசை ஏறக்குறைய முன்போலவே இருக்கும்.

ஏன் அப்படி? துகள்களுக்கிடையே ஒரு தள்ளுபடி இருக்கிறது. மின்னேற்றத்தாலோ, மேலே படிந்த மெல்லிய படலத்தாலோ, முன் சொன்ன ஓயாத ஆட்டத்தாலோ அவை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் விலக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த விலக்கத்தை முறியடிக்கப் போதிய விசை வந்தால்தான் துகளோடு துகள் நெருங்க முடியும். துகளின் அளவு குறையக் குறைய, ஒரே பரப்பில் அடங்கும் துகள்கள் பெருகுகின்றன. விலக்கத்தை முறிக்க வேண்டிய விசையும் பன்மடங்கு பெருகுகிறது. ஆகவே பெரிய மாவு மணிகள் இலேசான குத்துக்கே இறுகிவிடுகின்றன. நுண்ணிய சிலிகாத் துகள்கள் பலத்த அடிக்குக் காத்திருக்கின்றன. எந்த அடிக்கு இறுக வேண்டும் என்பதைத் துகளின் அளவைக்கொண்டே முன்கூட்டி நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றால், அது எவ்வளவு பெரிய சௌகரியம்!

நீண்ட வழக்கு

துகள்கள் நெருங்கின பிறகு நடப்பது என்ன? இங்கேதான் வழக்குத் தொடங்கியது.

1972-இல் அமெரிக்காவில் ஹாப்மன் என்பவர், பிளாஸ்டிக் உருண்டைகள் நிறைந்த திரவத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். இறுகுவதற்கு முன் உருண்டைகள் படலம் படலமாக வரிசை பிடித்து ஓடின. இறுகும் தருணத்தில் அந்த வரிசை குலைந்தது. வரிசை குலைவதே இறுகுவதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

பிறகு, 1980-களில், பிராடி, பாஸி என்னும் இருவர் கணித யந்திரத்தின் உதவியால் துகள்களின் போக்கைக் கணக்கிட்டார்கள். வரிசை இல்லாமலே இறுகுவது உண்டென்று தெரிந்தது. இரண்டு துகள்கள் மிக நெருங்கும்போது, இடையிலுள்ள திரவத்தை மெல்லிய இடுக்கிலிருந்து பிழிந்து வெளியேற்றுவது பிரம்மப்பிரயத்தனம் ஆகிவிடுகிறது. பிறகு அவற்றைப் பிரிப்பதும் அவ்வளவே கடினம். ஆகவே துகள்கள் திரவத்தாலேயே கட்டுண்டு, கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. கொத்துகளே எதிர்ப்பை உண்டாக்குகின்றன என்பது இவர்கள் கட்சி. துகள்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையே எப்போதும் ஒரு திரவப் படலம் இருக்கிறது என்பது இதன் உட்பொருள். நெடுநாள் இக்கட்சியே மேலோங்கி நின்றது. கார்னெல் சர்வகலாசாலையில் இட்டாய் கோஹன் முதலியோர் வேகமான நுண்பெருக்கியைக்கொண்டு துகள்களை நேரிலேயே பார்த்து, 2011-இல் இதற்குச் சாதகமான சாட்சியத்தை வெளியிட்டார்கள்.

ஆனால் மறு கட்சி எழுந்தது. விசை எல்லை மீறும்போது அந்தப் படலம் அறுந்து, துகளும் துகளும் நேருக்கு நேர் தொட்டு உராய்கின்றன என்றார்கள் அவர்கள். 2013-இல் நியூயார்க்கில் ஸேட்டோ முதலிய நால்வர், உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டினார்கள். திடீரென்று ஒரே பாய்ச்சலாகப் பாகுத்தன்மை ஏறுவது, உராய்வைச் சேர்த்த பிறகுதான் கணக்கில் சரியாக வந்தது. மறு வருஷம் வையார், கேட்ஸ் என்னும் இருவர் அதைச் சுருக்கமான ஒரு சித்தாந்தமாக வகுத்தார்கள்.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நிதானமாக நடக்கும்வரையில், எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுக் கோபுர வாசலைக் கடந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்ததும், தோளும் முழங்கையும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. ஆட்கள் அதே ஆட்கள்தாம். வாசலும் அதே வாசல்தான். ஆனால் இப்போது ஒருவரும் அசைய முடிவதில்லை.

இரண்டு கட்சியில் எது மெய் என்று எப்படித் தீர்ப்பது? தீர்த்துவைத்த பரீட்சை மிகவும் எளிமையானது. கையை ஜலத்துக்குள் முன்னும் பின்னும் அசையுங்கள். இரண்டு திசையிலும் ஜலம் ஒரே மாதிரி எதிர்க்கும். ஆனால் சுவரைக் கையால் தள்ளுங்கள்; பிறகு கையைப் பின்னுக்கு இழுங்கள். இழுத்த மறுகணமே சுவரின் எதிர்ப்பு அற்றுப்போகிறது. திரவப் படலத்தின் எதிர்ப்பு, திசை மாறினாலும் இருக்கும். தொட்டுத் தள்ளுவதால் வரும் எதிர்ப்பு, திசை மாறினால் போய்விடும்.

2015-இல் கார்னெல் ஆராய்ச்சியாளர்களும் எடின்பரோ ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, இறுகிய திரவத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்து, சட்டென்று திசையை மாற்றிப் பார்த்தார்கள். இறுகியதால் ஏற்பட்ட எதிர்ப்பு அந்தக் கணமே விழுந்தது. துகள்கள் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது ருஜுவாயிற்று. இந்தப் பரீட்சையைச் செய்தவர்களில், முன்னே மற்றக் கட்சிக்குச் சாட்சியம் அளித்த அதே கோஹனும் ஒருவர்! தாம் வெளியிட்ட முடிவுக்கு மாறான முடிவு வந்தபோது அதையும் தம் பெயரிலேயே வெளியிட்டார். விஞ்ஞானத்தில் வாதி, பிரதிவாதி என்று யாரும் நிலையாக இருப்பதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கோணி ஊசியும் கவசமும்

இனிக் கவசத்துக்கு வருவோம். 1965-இல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஸ்டெபனி குவாலெக் என்னும் பெண்மணி, கெவ்லார் என்னும் நூலுக்கு அடிகோலினார். ஒரே எடைக்கு எஃகைவிடப் பன்மடங்கு உறுதியுள்ளது இந்த நூல். இதை நெய்து பல மடிப்புகளாக அடுக்கிய சட்டைகள் எத்தனையோ சிப்பாய்களையும் போலீஸ்காரர்களையும் காப்பாற்றியிருக்கின்றன.

ஆயினும் இரண்டு குறைகள். மடிப்புகள் கூடக் கூடச் சட்டை தடித்து விறைத்துப் போகிறது. மார்பை மூடலாம், வளைந்து நிமிர வேண்டிய கை கால்களை மூட முடியாது. இரண்டாவது குறை, கோணி ஊசி தைத்தவர்களுக்குத் தெரியும். ஊசி சாக்கின் நூலை அறுப்பதே இல்லை. நூல்களை விலக்கிக்கொண்டு புகுந்துவிடுகிறது. கூர்மையான கம்பியும் கெவ்லார் துணிக்குள் அப்படியே புகுகிறது. நூல் எவ்வளவு உறுதியாக இருந்தென்ன? விலகிக்கொடுத்துவிட்டால் அதன் உறுதிக்கு வேலையே இல்லை.

டெலாவேர் சர்வகலாசாலையில் புரொபஸர் நார்மன் வாக்னரும் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிசாலையில் எரிக் வெட்ஸெலும் இங்கேதான் இறுகு திரவத்தைப் புகுத்தினார்கள். 450 நானோ மீட்டர் அளவுள்ள சிலிகா உருண்டைகளை எதிலீன் கிளைக்காலில் கலந்து, சாராயம் சேர்த்து நீர்க்கச் செய்து, அதில் கெவ்லார் துணியை ஊறவைத்தார்கள். பிறகு சாராயம் மட்டும் ஆவியாகிப் போகும்படி உலர்த்தினார்கள். கெவ்லார் இழை ஒன்றின் கனம் சுமார் 12,000 நானோ மீட்டர். மாவு மணியே இழையின் அளவு இருப்பதால் அது இழைகளுக்கு நடுவே நுழையாது. சிலிகாத் துகளோ எளிதில் நுழைந்து, ஒவ்வொரு இழையையும் சூழ்ந்துகொள்கிறது.

2003-இல் வெளியான அவர்களுடைய பரீட்சையில், 1.1 கிராம் எடையுள்ள உலோகத் துண்டு ஒன்றை வினாடிக்கு ஏறக்குறைய 244 மீட்டர் வேகத்தில் துணியின்மேல் செலுத்தினார்கள். திரவம் ஊறிய துணி, அதே எடையுள்ள வெறும் கெவ்லார் துணிக்குச் சமமாகத் தடுத்தது. ஆனால் அதன் கனம் வெகுவாகக் குறைவு. வளைந்துகொடுக்கும் தன்மையும் சற்றும் கெடவில்லை. அடி விழும் கணத்தில் இழைகளுக்கு நடுவே உள்ள திரவம் இறுகி, இழைகளை விலகவொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. அகப்பட்ட சில நூல்கள் மாத்திரம் சுமந்த பாரத்தைப் பல நூல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

2007-இல் கத்தியையும் கூர்க்கம்பியையும் வைத்துப் பரீட்சித்தார்கள். கம்பிக் குத்தைத் தடுப்பதில் பிரமாதமான அபிவிருத்தி காணப்பட்டது. கத்தியின் வெட்டைத் தடுப்பதில் அபிவிருத்தி சொற்பந்தான். கம்பியை மெள்ள அழுத்தியபோதும் துணி நன்றாகத் தாங்கியது என்பது கவனிக்கத்தக்கது. இறுகுவது மட்டுமல்ல, துகள்கள் இழைகளை நகரவொட்டாமல் கட்டிப்போடுவதே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது என்று தெரிகிறது.

இந்தச் சமாசாரம் வெளிவந்ததும் 'துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் திரவம்' என்று உலகமெங்கும் கொட்டை எழுத்தில் வெளியாயிற்று. அதை அப்படியே நம்பி, பேஸினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்! மேற்படி பரீட்சையில் எய்த உலோகத் துண்டின் சக்தி சுமார் 33 ஜூல். ஒரு கிலோ எடை மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் சக்திதான் அது. சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 500 ஜூல் அளவிலும், ராணுவ ரைபிள் தோட்டாவுக்கு 1,700 ஜூலும் அதற்கு மேலும் சக்தி உண்டு. தோட்டாவைத் தடுப்பது நூல். நூலுக்கு வேலை செய்ய வாய்ப்பு அளிப்பது திரவம். இந்த வித்தியாசத்தை மறந்தால், கவசத்தை நம்பி நிற்பவன் உயிருக்கே ஆபத்து.

வேறு இடங்களிலும் இந்த விந்தை பயன்படக்கூடும். மோட்டார் வண்டிகளிலும் கைபேசிகளிலும் இருக்கும் லிதியம் பாட்டரிக்குள், இரு தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பு மோதலில் கிழிந்துவிட்டால், தகடுகள் தொட்டுக்கொண்டு உள்ளேயிருக்கும் திரவம் தீப்பிடிக்கும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிசாலையில் கேப்ரியல் வீத் முதலியோர், அந்தத் திரவத்தில் 200 நானோ மீட்டர் அளவுள்ள சிலிகாத் துகள்களைச் சேர்த்து, மோதல் ஏற்பட்டவுடன் அதுவே இறுகித் தகடுகளைப் பிரித்துவைக்கும்படி செய்யும் முறையை 2018-இல் விவரித்தார்கள்.

தொழிற்சாலைத் தொல்லைக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. துகள்கள் தொட்டுக்கொள்வதுதான் காரணம் என்று தெரிந்துவிட்டபடியால், தொடர்பைக் கலைத்தால் போதும் அல்லவா? திரவம் ஓடும் திசைக்குக் குறுக்காக இலேசாக அசைத்துக்கொடுத்தால் பாகுத்தன்மை பெருமளவு குறைந்துவிடுகிறது என்று கார்னெல் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் காட்டினார்கள். கட்சி வாதம் வீண் வாதமன்று. காரணம் தெரிந்தால்தான் பரிகாரம் தெரியும்.

இவ்வளவையும் சுருக்கி என் பெண்ணுக்குச் சொன்னேன். "மணிகளுக்கு நடுவே மெல்லிய ஜலப் படலம் இருக்கிறது. மெள்ளத் தொட்டால் படலம் இருக்கும். மணிகள் வழுக்கி வழிவிடும். ஓங்கிக் குத்தினால் படலம் அறுந்து, மணியும் மணியும் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்" என்றேன்.

அவள் சற்று நேரம் யோசித்தாள். "நயத்திலாகிறது பயத்திலாகாது என்று பாட்டி சொல்வாளே, அதுதானா அப்பா?" என்றாள்.

அதுவேதான் என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "அப்படியானால் நயமாகவே சொல்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஒரு டப்பா கார்ன்ஃப்ளோர் வாங்கி வாருங்கள், அந்தப் பேஸினில் இருப்பதைக் குழாயில் கொட்டி அடைத்துவிடாமல் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுங்கள்" என்றாள்.

மறுபேச்சுப் பேசாமல் பேஸினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.